ஒரு நாடு, இரண்டு ராணுவம்: சூடான் போர் எப்படி மூண்டது?

2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை. சூடான் தலைநகர் கார்ட்டூமின் விமான நிலையத்தில் நின்றிருந்த பயணிகள் விமானங்கள் தீப்பிடித்து எரிந்தன. அங்கே சிக்கிய இந்தியர்களை மீட்கக் கப்பலும் விமானமும் போயின. அந்த மீட்புப் பணிக்கு ‘ஆபரேஷன் காவேரி’ என்று பெயர். அது முடிந்ததும் நம் ஊர்ச் செய்திகளில் சூடானும் முடிந்துபோனது. போர் முடியவில்லை. 1.2 கோடிப் பேருக்கு மேல் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள்.

சரி, யாருக்கும் யாருக்கும் சண்டை? “இனச் சண்டை” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். இனப்பகை இல்லாமல் இல்லை. நாட்டின் மேற்குப் பகுதியான டார்ஃபூரில் மசாலித் இன மக்களைத் தேடித்தேடிக் கொன்றபோது அது கோரமாகவே வெளிப்பட்டது. ஆனால் போரை மூட்டியது அது அல்ல. ஒரு பக்கம் ராணுவத் தளபதி புர்ஹான். எதிர்ப்பக்கம் ‘ஆர்.எஸ்.எஃப்’ என்ற துணைப்படையின் தலைவர் முகமது ஹம்தான் தகலோ. ஹெமெட்டி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும், ஒரு காலத்தில் ஒட்டக வியாபாரி. 2021 அக்டோபரில் இந்த இருவரும் கூட்டாகத்தான் ஆட்சியைக் கைப்பற்றினார்கள்.

ஒரு நாட்டுக்கு எதற்கு இரண்டு படை? ராணுவப் புரட்சியில் ஆட்சிக்கு வந்தவருக்குத் தன் ராணுவத்தின் மேலேயே பயம் இருக்கும். 1989-இல் அப்படி வந்த ஒமர் அல் பஷீரும் விதிவிலக்கல்ல. 2003-இல் டார்ஃபூரில் கிளர்ச்சி வெடித்தபோது, அதை அடக்க ‘ஜன்ஜவீத்’ என்ற உள்ளூர் ஆயுதக் கும்பல்களை ஏவிவிட்டார். 2013-இல் அதிலிருந்துதான் ஆர்.எஸ்.எஃப் உருவானது. 2017-இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. ராணுவம் கை ஓங்கினால் தடுக்க இந்தப் படை, இந்தப் படை துள்ளினால் அடக்க ராணுவம் என்பது கணக்கு. கணக்குப் போட்டவரையே 2019 ஏப்ரலில் இரண்டும் சேர்ந்து கவிழ்த்தன.

எஜமான் போன பிறகும் ஆர்.எஸ்.எஃப் எப்படிப் பிழைத்தது? தங்கத்தால்தான். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சூடானின் பெரிய வருமானம் எண்ணெயாக இருந்தது. 2011-இல் தெற்கு சூடான் பிரிந்தபோது எண்ணெயில் முக்கால் பங்கும் அதனோடு போய்விட்டது. அடுத்த ஆண்டு வடக்கு டார்ஃபூரின் ஜெபல் ஆமிரில் தங்கம் கிடைத்தது. எண்ணெய் எடுக்க ஆழ்துளைக் கிணறு, நூற்றுக்கணக்கான மைல் குழாய், துறைமுகம் எல்லாம் வேண்டும். அரசாங்கம் இல்லாமல் நடக்கிற காரியமில்லை. தங்கத்துக்கு மண்வெட்டி போதும். தோண்டிய கல்லைப் பொடியாக்கி, தண்ணீர் விட்டுக் கலக்கிப் பாதரசத்தை ஊற்றினால், தங்கத்துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்த உருண்டையைத் தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகி (அடுப்பருகே இருப்பவரின் நுரையீரலுக்குள் போய்) தங்கம் மிஞ்சும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டலாம். 2017-இல் ஜெபல் ஆமிர் ஹெமெட்டியின் கைக்கு வந்தது. சொந்த வருமானம் வந்த படை அரசாங்கத்தின் சம்பளத்துக்குக் காத்திருக்காது.

அப்புறம்தான் இணைப்புப் பேச்சு. 2022 டிசம்பரில், ஆட்சியைச் சிவிலியன்களிடம் ஒப்படைக்க ஓர் உடன்பாடு கையெழுத்தானது. ஆர்.எஸ்.எஃப் ராணுவத்தோடு இணைய வேண்டும். எத்தனை நாளில்? ராணுவம் இரண்டு ஆண்டு என்றது. ஹெமெட்டி தரப்பு பத்து ஆண்டு கேட்டது. பாகப்பிரிவினையில், “நீ முதலில் கையெழுத்துப் போடு, உன் பங்கை அப்புறம் தருகிறேன்” என்று அண்ணன் சொன்னால் தம்பி போடுவானா? நமக்காவது பத்திர ஆபீஸும் கோர்ட்டும் இருக்கின்றன. இரண்டு படைகளுக்கு நடுவே அப்படி யாரும் இல்லை. படையைக் கொடுத்த மறுநாள் ஹெமெட்டி வெறும் ஆள். கொடுத்த வாக்கை ராணுவம் மீறினால் கேட்க நாதியில்லை. நாளைக்குப் பலம் குறையும் என்று தெரிந்தவனுக்கு இன்றைக்கே மோதுவது லாபமாகத் தெரியும். அதை ஊகிக்கிற எதிராளியும் முந்தப் பார்ப்பான். போர்களை ஆராய்கிறவர்கள் இதை வாக்குறுதிச் சிக்கல் என்கிறார்கள். முதல் குண்டை யார் சுட்டது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால் அது அவ்வளவு முக்கியமான கேள்வியே இல்லை.

வெளியார் பங்கு தனிக்கதை. சூடான் தங்கத்தில் பெரும்பகுதி ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகிறது. ஆர்.எஸ்.எஃப்புக்கு ஆயுதம் தருவதும் அமீரகம்தான் என்ற குற்றச்சாட்டை அந்த நாடு மறுக்கிறது. எகிப்து நிற்பது சூடான் ராணுவத்தின் பக்கம்.

2003-இல் கிளர்ச்சியாளர்கள் முதலில் தாக்கிய இடங்களில் ஒன்று டார்ஃபூரின் எல் ஃபாஷர் விமானத்தளம். அதே கிளர்ச்சி இயக்கங்களின் போராளிகள்தான் இந்தப் போரில் ராணுவத்தோடு தோள் சேர்ந்து எல் ஃபாஷரைக் காத்தார்கள். 500 நாட்களுக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப் பின் 2025 அக்டோபரில் நகரம் ஆர்.எஸ்.எஃப்பிடம் விழுந்தது. தன் பக்கம் நின்று போரிடும் இத்தகைய துணைப்படைகளை எல்லாம் ராணுவச் சட்டத்தின் கீழ் கொண்டுவர, அதற்கு இரண்டு மாதம் முன்பு புர்ஹான் உத்தரவு போட்டிருந்தார்.