நைட் வீரரின் மேலங்கியில் சிங்கம் எதற்கு?

1415 அக்டோபர் 25. பிரான்சின் அஜின்கோர்ட் போர்க்களத்துக்குத் பிரெஞ்சுப் பக்கம் நின்று ஆங்கிலேயரோடு போரிடத் தாமதமாக வந்து சேர்ந்தார் பிரபாண்ட் கோமகன் அந்தோணி. சொந்தக் கவசமும் சின்னம் பொறித்த அங்கியும் இன்னும் வரவில்லை. கிடைத்த கவசத்தை மாட்டிக்கொண்டு, எக்காளத்தில் தொங்கிய கொடித்துணியில் ஓட்டை போட்டுத் தலைவழியே இறக்கிக்கொண்டார். பிடிபட்டபோது இவர் யாரென்று ஆங்கிலேயருக்குப் புரியவில்லை. கைதிகளைக் கொல்ல இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி உத்தரவிட்டதும் அவர்களோடு இவரும் போய்ச் சேர்ந்தார். கோமகன் என்று தெரிந்திருந்தால் மீட்புத்தொகைக்காகவே பத்திரமாக வைத்திருப்பார்கள்.

முன்பெல்லாம் முகமே போதும். 1066இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டிக் கோமகன் வில்லியம் செத்துவிட்டார் என்று வதந்தி கிளம்ப, அவர் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்டியே, ஓடத் தொடங்கிய தன் படையை நிறுத்தினார். 13ஆம் நூற்றாண்டில் தலை முழுவதையும் வாளி கவிழ்த்தது போல இரும்பு மூடிவிட்டது. கண்ணுக்கு ஒரு கீறல்தான். அப்புறம் ஆளை அடையாளம் காட்டும் வேலை கேடயத்துக்கும், இரும்பு வளையச் சட்டைக்கு மேல் போடும் துணி அங்கிக்கும், குதிரைப் போர்வைக்கும் வந்தது.

சின்னத்தைத் தூரத்திலிருந்தே படிக்க வேண்டுமே! அதற்கு ஒரு விதி இருந்தது. பொன்னும் வெள்ளியும் (அதாவது மஞ்சளும் வெள்ளையும்) ஒரு கட்சி. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா மறு கட்சி. ஒரே கட்சி நிறத்தின் மேல் அதே கட்சி நிறத்தை வைக்கக் கூடாது. காரணம் நம் கண்ணில் இருக்கிறது. உருவத்தின் விளிம்பைக் கண் பிரித்தறிவது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தால்தான், நிற வித்தியாசத்தால் அல்ல. நீலத்தின் மேல் சிவப்புச் சிங்கம் வரைந்தால், எட்ட நின்று பார்க்கிறவருக்கு இருண்ட திட்டுதான் தெரியும். ஒளியியல் படிக்காதவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த விதி இது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

1376இல் இறந்த இங்கிலாந்து இளவரசர் எட்வர்டின் அங்கி கேன்டர்பரி தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. திணிப்பு வைத்து நெடுக்காகத் தைத்த வெல்வெட். சிவப்பில் பொன் சிங்கங்கள், நீலத்தில் பொன் லில்லிகள்.

சாதாரணச் சிப்பாய்க்குச் சொந்தச் சின்னம் கிடையாது, எஜமானின் முத்திரைதான். 1471இல் இங்கிலாந்து உள்நாட்டுச் சண்டையின் பார்னெட் போரில் மூடுபனி. ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் ஆட்கள் அணிந்த கதிர்விடும் நட்சத்திரத்தை, எதிரி மன்னர் நான்காம் எட்வர்டின் சூரியன் என்று எண்ணி, கூட்டாளியான வாரிக் பிரபுவின் படையே அவர்கள் மேல் அம்பு விட்டது. “துரோகம்!” என்று கத்தியபடி அவர்கள் சிதறி ஓட, வாரிக் அன்றே கொல்லப்பட்டார்.