தெரபியில புதுசா வர்ற ஞாபகம் எல்லாம் நிஜமா நடந்ததுதானா?

"மேடம், எனக்கு சின்ன வயசுல என்னமோ நடந்திருக்கு, அதான் இப்படி பயந்து பயந்து சாகுறேன், ஹிப்னாடிஸம் பண்ணி அது என்னன்னு கண்டுபிடிச்சு சொல்லுங்க." தெரபிஸ்டான என்கிட்ட இப்படிக் கேட்டு வர்றவங்க இப்பல்லாம் ஜாஸ்தி ஆயிட்டாங்க. பாதிப் பேர் ஏதோ ஒரு ரீல்ஸ் பாத்துட்டு வந்திருப்பாங்க, காரணமே இல்லாம பதட்டம் வருதா, அப்ப நீங்க மறந்துபோன ட்ராமா, அதாவது மனசை உலுக்கின ஒரு அதிர்ச்சி, உள்ள இருக்குன்னு அதுல யாரோ அடிச்சு சொல்லியிருப்பாங்க. நான் அதைப் பண்ண மாட்டேன். ஏன்னு ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து சொல்லிட்டிருக்கிறதை இங்கயும் எழுதிடறேன்.

எலிசபெத் லாஃப்டஸ்னு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், 1995ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 24 பேர்கிட்ட அவங்க சின்ன வயசுல நடந்ததா நாலு சம்பவத்தைக் குடுத்து ஞாபகம் இருக்கான்னு கேட்டாங்க. மூணு சம்பவம் வீட்டு ஆளுங்க சொன்ன நிஜம். நாலாவது, ஷாப்பிங் மால்ல தொலைஞ்சு போய் அழுதப்ப ஒரு வயசானவர் காப்பாத்தினாருங்கிறது, சுத்தமா இட்டுக்கட்டினது. கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் அது நடந்துச்சுன்னு முழுசாவோ அரைகுறையாவோ நம்பிட்டாங்க. யாரும் பொய் சொல்லல, அவங்களுக்கு நிஜமாவே ஞாபகம் இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு.

இப்ப இதையே தெரபி ரூம்ல வச்சு யோசிங்க. கண்ணை மூடுங்க, அஞ்சு வயசுக்குப் போங்க, ஒரு ரூம் தெரியுதா, கதவு பக்கம் யாரோ நிக்கிறாங்களா, அவர் முகத்தைப் பாருங்க, தெரிஞ்சவரா? மனசு உடைஞ்சு வந்தவங்க, எதிர்ல இருக்கிறவங்க நமக்கு உதவி பண்றாங்கன்னு முழுசா நம்புறவங்க, அந்தக் கதவு பக்கத்துல யாரையாவது நிக்க வச்சே தீருவாங்க. நாலஞ்சு செஷன் இதே மாதிரி போனா முகம் வரும், சட்டை கலர் வரும், அழுகையும் வரும். அழுகை வந்துடுச்சு, அப்ப நிஜம்தான்னு தெரபிஸ்டும் நினைச்சா அதோட போச்சு. ஒரு ஞாபகம் எவ்வளவு தெளிவா இருக்கு, எவ்வளவு வலிக்குதுங்கிறதை வச்சு அது நடந்ததான்னு சொல்லவே முடியாது.

காலிஃபோர்னியால ரமோனா வழக்குன்னு ஒண்ணு. சாப்பாட்டுப் பிரச்சனைக்காக தெரபிக்குப் போன இளம்பெண்ணுக்கு, அப்பா தன்னை சீரழிச்சதா காட்சிகள் வர ஆரம்பிச்சுது. அதை உறுதி பண்ண சோடியம் அமைட்டல்னு அரை மயக்கத்துல வைக்கிற ஊசி போட்டாங்க. குடும்பம் உடைஞ்சுது, அப்பாவுக்கு வேலை போச்சு. அவர் கேஸ் போட, 1994ல ஜூரி தெரபி குடுத்தவங்க மேல தப்புன்னு சொல்லி 5 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லுச்சு. அந்த ஊசியும் நம்ம ஊர் நியூஸ்ல வர்ற நார்கோ டெஸ்ட் மருந்தும் ஒரே வகைதான். அது உண்மையை வரவைக்காது, கேட்டதுக்கெல்லாம் தலையாட்ட வைக்கும், கற்பனையும் கலந்து வரும். 2010ல நம்ம சுப்ரீம் கோர்ட் செல்வி வழக்குல சம்மதம் இல்லாம நார்கோ பண்ணக் கூடாதுன்னும், சம்மதத்தோட பண்ணாலும் அதுல சொன்னதை நேரடி சாட்சியா எடுக்க முடியாதுன்னும் தீர்ப்பு சொல்லியிருக்கு.

அதுக்காக ட்ராமா தெரபியே ஆபத்துன்னு யாரும் ஓடிட வேண்டாம், ப்ளீஸ். இ.எம்.டி.ஆர்னு கண் அசைவை வச்சுப் பண்ற ட்ராமா தெரபியை எடுத்துக்கோங்க, பாதிச்ச காட்சியை மனசுல வச்சுக்கிட்டே தெரபிஸ்டோட விரல் இடமும் வலமும் போறதைக் கண்ணால ஃபாலோ பண்ணணும். காய்கறிக் கணக்கு போட்டுக்கிட்டே போன்ல சண்டை போட்டா ரெண்டுமே சுரத்தில்லாம போயிடும்ல, அந்த மாதிரி காட்சியோட வேகம் குறையுதுங்கிறதுதான் இப்போதைக்கு பலர் ஏத்துக்கிட்ட விளக்கம். பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனப் பாதிப்பான பி.டி.எஸ்.டிக்கு உலக சுகாதார அமைப்பே 2013ல இதைப் பரிந்துரை பண்ணியிருக்கு. ஆனா காட்சி மங்கினா விவரமும் மங்குமா? கண் அசைவு செஞ்சவங்க, அதுக்கப்புறம் அவங்களுக்குக் குடுத்த தப்புத் தகவலை சுலபமா நம்பிட்டாங்கன்னு 2018ல நெதர்லாந்து ஆய்வு ஒண்ணு சொல்லுச்சு, அடுத்த வருஷமே அதைத் திரும்ப செஞ்சு பாத்தவங்களுக்கு அப்படி வரல. முடிவாகாத விஷயம், அதனால நான் ஜாக்கிரதை பக்கம்தான் நிப்பேன்.

போலீஸ் கம்ப்ளெயிண்ட், கோர்ட்னு போற எண்ணம் இருக்கிறவங்க தெரபி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே என்ன ஞாபகம் இருக்கோ அதை தேதி போட்டு எழுதி வச்சுக்கோங்க, மறந்தது மறந்ததாவே இருக்கட்டும், இட்டு நிரப்பாதீங்க. கேஸ் இருக்குன்னு தெரபிஸ்ட்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க. தெரபியைத் தள்ளிப் போடணும்னு அவசியம் இல்ல.

இன்னொண்ணு, இதைப் படிச்சுட்டு யாராவது ஒரு பொண்ணைப் பாத்து "உனக்கு தெரபிஸ்ட் ஏத்தி விட்டது"ன்னு சொன்னா எனக்கு ரொம்ப கோவம் வரும். வன்கொடுமைக்கு ஆளானவங்கள்ல பெரும்பாலானவங்க அதை மறக்கிறதே இல்ல, வெளிய சொல்லத்தான் வருஷக் கணக்காகுது. எந்த தேதி, எந்தக் கிழமைன்னு குழம்புறதும் சகஜம், அதை வச்சு பொய்னு முடிவு பண்ணாதீங்க. ரொம்ப நாள் நினைக்காம இருந்தது ஒரு நாள் தானா ஞாபகம் வர்றதும் உண்டு. நான் சொல்றது, எதுவுமே ஞாபகம் இல்லாதவங்களைப் பிடிச்சு உக்கார வச்சுத் தோண்டுறதைப் பத்தி மட்டும்தான்.

குழந்தைங்க விஷயத்துல இது இன்னும் முக்கியம். சந்தேகம் வந்தா "அந்த அங்கிள் இங்க தொட்டாரா, அங்க தொட்டாரா"ன்னு அம்மா ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை, டியூஷன் மிஸ் ஒரு தடவைன்னு கேக்காதீங்க. "என்ன ஆச்சு, சொல்லு கண்ணு"ன்னு ஒருத்தர் மட்டும் கேளுங்க, குழந்தை சொன்னதை அதே வார்த்தையில எழுதி வச்சுட்டு குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணுங்க, மீதியைக் கேக்கிறதுக்குப் பயிற்சி எடுத்தவங்க இருக்காங்க.