சந்திரரோகி: பைபிள்ல வர்ற இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

சர்ச்சுக்குப் போறவங்க எல்லாரும் இந்த வார்த்தையை ஒரு தடவையாவது கேட்டிருப்பாங்க. மத்தேயு 17ல ஒரு அப்பா இயேசு முன்னாடி முழங்கால் போட்டு, என் மகன் சந்திரரோகியாய்க் கொடிய வேதனைப்படுகிறான், அடிக்கடி தீயிலயும் தண்ணியிலயும் விழுறான்னு சொல்வார். சந்திரரோகின்னா யாருன்னு கேட்டா சிலர் பைத்தியம்பாங்க, சிலர் பிசாசு பிடிச்சவன்பாங்க. அந்தப் பையனுக்கு இருந்ததா அங்க சொல்லியிருக்கிற அடையாளங்கள் எல்லாம் வலிப்பு நோயோடது.

கிரேக்கத்துல செலேனேன்னா நிலா. மத்தேயு போட்டிருக்கிற சொல்லும் அதுலேருந்து பிறந்ததுதான், நிலா தாக்கினவன்னு அர்த்தம், ஏன்னா நிலா வளர்றதையும் தேயுறதையும் பொறுத்துதான் வலிப்பு வருதுன்னு அந்தக் காலத்துல நம்பினாங்க. லத்தீன்ல அது லூனாட்டிகுஸ் ஆச்சு, தமிழ்ல மொழிபெயர்த்தவங்க சந்திரன், ரோகம் ரெண்டையும் சேர்த்து சந்திரரோகின்னு வச்சாங்க. இங்கிலீஷ்ல அதே சொல் லூனாட்டிக்னு போய் வலிப்பை விட்டுட்டு மனநோய் உள்ளவங்க எல்லாரையும் குறிச்சு, சட்டப் புத்தகத்துல ஏறி, கடைசியில வெறும் திட்டா ஆயிடுச்சு, அமெரிக்கா 2012ல தன்னோட மத்திய சட்டங்கள்ல இருந்து அதைத் தூக்கிருச்சு.

சரியான தமிழ்ச் சொல் வலிப்பு நோய், இல்லைன்னா கால்கை வலிப்பு. காக்கா வலிப்புன்னு சொல்றது கால்கை வலிப்பு பேச்சுல திரிஞ்சதுதான், காக்காவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

இப்ப மத்தேயு 4:24 எடுத்துப் பாருங்க. பிசாசுபிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் (கை கால் செயலிழந்தவங்க)னு தனித்தனியா எழுதியிருக்கு. 17ம் அதிகாரத்துல இயேசு பிசாசை அதட்டினார்னுதான் இருக்கு, அதை நான் மறைக்கல, ஆனா அந்த ஒரு இடத்தை வச்சுக்கிட்டு வலிப்பு வர்ற ஒவ்வொருத்தரையும் மனநோய் உள்ள ஒவ்வொருத்தரையும் பிசாசுக் கணக்குல சேர்க்கிறதுக்கு அதே சுவிசேஷம் இடம் கொடுக்கல. இதை பாஸ்டர்மார் பிரசங்கத்துலயே சொல்லணும்னு நான் ஆசைப்படுறேன், ஏன்னா வெட்கப்பட்டு மறைச்சு வச்சிருக்கிற குடும்பம் அந்தக் கூட்டத்துலதான் உக்காந்திருக்கும்.

வலிப்புன்னா கீழ விழுந்து துடிக்கிறது மட்டும்னும் நினைக்காதீங்க. ஆராதனை நடுவுல ஒருத்தர் ஒரே பக்கமா வெறிச்சுப் பார்ப்பார், வாய் எதையோ மெல்லுற மாதிரி அசையும், விரல் சட்டை பட்டனைத் திருகிக்கிட்டே இருக்கும், கூப்பிட்டா பதில் வராது, ஒன்னு ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சு குழப்பமா சுத்திப் பார்ப்பார். அதுவும் வலிப்புதான். பக்கத்துல இருக்கிறவங்க தூங்குறார்னோ பரவசத்துல இருக்கார்னோ நினைச்சுக்குவாங்க, அவர்கிட்ட யாரும் கேக்கவே மாட்டாங்க. ஹிட்டன் டிஸெபிலிட்டின்னு சொல்றது இதைத்தான், தமிழ்ல வெளியே தெரியாத குறைபாடுன்னே சொல்லலாம், அதுல ஆட்டிசம், காது மந்தம், மனச்சோர்வு, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருமுனையக் கோளாறு (பைபோலார்) எல்லாம் அடங்கும். மனச்சோர்வையும் மன அழுத்தத்தையும் ஒன்னாக்கிப் பேசுறாங்க, முன்னது டிப்ரஷன், பின்னது ஸ்ட்ரெஸ், வேற வேற.

சபை என்ன செய்யலாம்னா, முதல்ல சாட்சி சொல்ற நேரத்தைக் கவனிக்கணும். மாத்திரையைத் தூக்கிப் போட்டேன் கர்த்தர் சுகமாக்கினார்னு ஒருத்தர் மைக்ல சொன்னா கேட்டுக்கிட்டிருக்கிற இன்னொருத்தர் அன்னைக்கே தன்னோட மாத்திரையை நிறுத்திருவார், வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா நிக்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். ஜெபமும் பண்ணுங்க, டாக்டர் சொல்லாம மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு அந்த மைக்லயே பாஸ்டர் சொல்லிடணும். முழு இரவு ஜெபமும் உபவாசமும் அப்படித்தான். தூக்கம் கெட்டா வலிப்பு வரலாம், இருமுனையக் கோளாறு உள்ளவங்களுக்கு மனவெறி (மேனியா) ஆரம்பிக்கலாம், அதுக்குக் கொடுக்கிற லித்தியம் மாத்திரை சாப்பிடுறவங்க தண்ணி குடிக்காம இருந்தா ரத்தத்துல மருந்தோட அளவு ஏறி விஷமாயிடலாம். உனக்கு விசுவாசம் இல்லையான்னு யாரும் கேக்காதபடிக்கு, வீட்ல தூங்கி சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கிட்டு ஜெபிக்கிறதும் ஜெபம்தான்னு முன்னாடியே அறிவிச்சிடலாம். மினுக்கு லைட் போடுறதையும் விட்டுடலாம், வலிப்பு உள்ளவங்கள்ல 100க்கு 3 பேர் மாதிரிக்கு அதுவே வலிப்பைத் தூண்டி விடலாம். வாசல்ல நிக்கிற வாலண்டியர்களுக்கு முதலுதவி தெரிஞ்சிருக்கணும்: தலைக்குக் கீழ மெத்துன்னு ஏதாவது வைக்கணும், கை கால அமுக்கக் கூடாது, வாயில எதையும் திணிக்கக் கூடாது, கையில சாவியும் வேண்டாம், நேரம் பார்க்கணும், துடிப்பு நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், 5 நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ். ஸ்பீக்கர் சத்தம் தாங்க முடியாதவங்களுக்கு சத்தமில்லாத ஒரு ரூம் ஒதுக்குங்க, பாட்டு நடுவுல எழுந்து போனா திரும்பிப் பார்க்காதீங்க.

ஆலயத்தைச் சுத்தி இருக்கிறவங்களே இப்படிப்பட்டவங்களை ஏத்துக்கிட்ட ஊர் ஒன்னு இருக்கு, பெல்ஜியத்துல கீல். அங்க மனநோய் உள்ளவங்களோட பாதுகாவலரா நினைக்கிற புனித டிம்ஃப்னாவோட ஆலயத்துக்கு மனநோய் உள்ளவங்களைக் கூட்டிட்டு வருவாங்க, ஆலயத்தை ஒட்டின இடம் பத்தாம ஊர்க்காரங்க தங்களோட வீட்லயே அவங்களைத் தங்க வச்சாங்க. ஐரோப்பாவோட இடைக்காலத்துல ஆரம்பிச்ச பழக்கம், 1930கள் கடைசியில 3,700 பேருக்கு மேல அப்படி வீடுகள்ல இருந்தாங்க, இன்னைக்கும் கொஞ்சம் பேர் இருக்காங்க. அவங்களை நோயாளின்னு கூப்பிடுறதில்ல, வீட்ல தங்கி சாப்பிடுறவங்கங்கிற அர்த்தத்துல வர்ற சொல்தான்.

ஜெபக் குறிப்பு வாட்ஸ்அப் குரூப்ல போடுறவங்களுக்கும் ஒன்னு. அந்த அண்ணனுக்கு டிப்ரஷன், இந்த அக்காவுக்கு ஃபிட்ஸ்னு பேரோட போட்டுடாதீங்க, வேலைக்கும் கல்யாணப் பேச்சுக்கும் அது போய் நிக்கும். முதல்ல அவங்ககிட்ட கேளுங்க, வேண்டாம்னு சொன்னா பேர் இல்லாம ஜெபம் பண்ணிட்டு, அடுத்த டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்குத் துணைக்கு வரட்டுமான்னு கேளுங்க.