அன்ரிசெப்ரிக்: கிருமிநாசினியா, அழுகலெதிரியா?

கருக்குமட்டை கையைக் கிழித்தால் அம்மம்மா போடும் சத்தம் ஒன்றுதான்: "ஓடிப்போய்க் கழுவு, இல்லாட்டிப் புண் பழுத்துப்போம்!" அன்ரிசெப்ரிக் என்ற சொல்லின் பொருளும் அதுவேதான். கிரேக்கத்தில் 'செப்சிஸ்' என்றால் அழுகல். 'அன்ரி' என்றால் எதிர். "காயம் செப்ரிக் ஆகிட்டுது" என்று நாங்கள் சொல்வதும் அந்த வேரிலிருந்து வந்ததே.

கவனியுங்கள், சொல்லுக்குள் கிருமி இல்லை. கிருமிதான் காரணம் என்று தெரியவருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 1750ஆம் ஆண்டளவில், பிரித்தானியப் படை மருத்துவர் ஜோன் பிரிங்கிள் இறைச்சி அழுகாமல் தடுக்கும் பொருள்களை இந்தச் சொல்லால் குறித்தார். 1865இல் கிளாஸ்கோவில் காலில் வண்டி ஏறி எலும்பு முறிந்த சிறுவன் ஒருவனின் காயத்துக்குச் சத்திரசிகிச்சை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் காபோலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். கால் அழுகாமல் தப்பியது. அவர் அதை எழுதி வெளியிட்டது 1867இல். அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூல் வந்தது. இரணம் என்றால் புண். அவ்வளவு முன்னரே இங்கே மருத்துவத்துக்குத் தமிழ்ச் சொல் தேடியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் பெருமை.

சரி, இன்று என்ன சொல்கிறோம்? பெரும்பாலும் 'கிருமிநாசினி'. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிநாசினி, களைநாசினி எல்லாம் எங்களுக்குத் தெரியும். 'நாசினி' என்றாலே நஞ்சுதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், கழிப்பறைத் தரையில் ஊற்றுவதற்கும் புண்ணில் பூசுவதற்கும் ஒரே பெயராகிவிடுகிறது. தரைக்குரியது தொற்றுநீக்கி. உயிருள்ள தோலில் பூசுவதை அழுகலெதிரி என்று சொன்னால் கிரேக்கப் பொருளும் அப்படியே நிற்கும். பாடசாலையில் பிறபொருளெதிரி (அன்ரிபொடி) படித்த பிள்ளைக்கு இந்த 'எதிரி' புதிதுமல்ல.

இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் டெற்றோலைத் தண்ணீர் கலக்காமல் புண்ணில் ஊற்றுகிறார்கள். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் அது ஆறிவரும் தோலையும் சேர்த்துச் சுடும். ஐதரசன் பெரொட்சைட்டு நுரைப்பதும் அப்படித்தான், நல்ல கலங்களையும் தாக்கும். சிறிய உரஞ்சல் காயத்துக்கு முதல் மருந்து ஓடும் சுத்தமான தண்ணீர். சுற்றியுள்ள தோலுக்குச் சவர்க்காரம். அப்புறம் வேண்டுமானால் மண்ணிறப் பொவிடோன் அயடீன் கொஞ்சம். அயடீன் ஒத்துக்கொள்ளாதவர்கள், தைரொயிட் நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டுப் பூசவேண்டும். போத்தலில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

முள்ளுக்கம்பி ஆழமாகக் குத்தினாலோ, மண் உள்ளே போனாலோ அழுகலெதிரியை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது. கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்டி, ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போடவேண்டுமா என்று கேளுங்கள். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே போகவேண்டும்.