கட்-ஆஃப்: தமிழில் எப்படிச் சொல்வது?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் மொத்த மதிப்பெண்ணைக் கேட்ட கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும்: "கட்-ஆஃப் எவ்வளவு வருது?" மாணவர் 181 என்கிறார். சில வாரங்களில் நீட் முடிவு வருகிறது. "இந்த ஆண்டு கட்-ஆஃப் 144" என்று செய்தி ஓடுகிறது. அப்புறம் கலந்தாய்வு நெருங்கும்போது பக்கத்து வீட்டு அண்ணன், "அந்தக் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்-ஆஃப் 195-க்குக் கீழ இறங்காது" என்கிறார்.

மூன்று இடத்திலும் ஒரே சொல்தான். ஆனால் முதல் எண் மாணவருடையது, இரண்டாவது தேர்வுடையது, மூன்றாவது ஓர் இடத்துடையது. இந்த வேறுபாடு தெரியாமல் "நீட் கட்-ஆஃப் தாண்டியாச்சு, சீட் கிடைச்சிடும்" என்று நம்பி, வேறு எந்தப் படிப்புக்கும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் 'கட் ஆஃப்' என்ற வினைக்கு வெட்டித் துண்டிப்பது என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல், வெட்டு விழும் இடத்தை, அதாவது எல்லையைக் குறிக்கும். தேர்வு மொழிக்கு வந்தபோதும் அதே பொருள்தான்: இந்த எண்ணுக்கு மேல் இருப்பவர் உள்ளே, கீழே இருப்பவர் வெளியே. டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை நடத்திய காலத்தில், முதல் பட்டியல், இரண்டாம் பட்டியல் என்று கட்-ஆஃப் வெளியிடும். 2021-இல் சில பாடங்களுக்கு அது 100 சதவீதத்தையே தொட்டது. அடுத்த ஆண்டு பொது நுழைவுத் தேர்வு வந்து அந்த முறை மாறியது. அங்கே கட்-ஆஃப் என்றால் கல்லூரி போடும் கோடு. ஒரு மாணவர் "என் கட்-ஆஃப்" என்று சொன்னால் அங்குள்ளவர்களுக்குப் புரிவது கடினம்.

தமிழ்நாட்டில் "என் கட்-ஆஃப்" என்பது மிக இயல்பான பேச்சு. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கு மதிப்பெண் 100-க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைக்கப்பட்டு, தலா 50-க்கு. மொத்தம் 200. கணக்கில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 எடுத்தவருக்கு 92-உம் 44-உம் 45-உம் சேர்ந்து 181. மொழிப்பாடங்கள் இதில் சேராது. இந்த 181-ஐத்தான் நாம் கட்-ஆஃப் என்கிறோம். இதில் எதுவும் வெட்டப்படவில்லை. மூன்று பாட மதிப்பெண்களின் கூட்டுத்தொகை இது, அவ்வளவுதான். பொறியியல் சேர்க்கை விதிகளின் ஆங்கில வடிவம்கூட இதைக் கூட்டு மதிப்பெண் என்ற பொருளில்தான் குறிப்பிடுகிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1984 முதல் 2006 வரை தமிழ்நாடு தொழிற்கல்விக்குத் தனியாக நுழைவுத் தேர்வு நடத்தியது. அப்போது பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கும், நுழைவுத் தேர்வு 100-க்கும் கணக்கிடப்பட்டு, கூட்டல் 300-க்கு வரும். 2006-இல் சட்டம் இயற்றி அந்தத் தேர்வை நீக்கிய பிறகு, 2007-08 சேர்க்கையிலிருந்து 200 மட்டும் நின்றது. மருத்துவத்துக்கும் அப்போது இதே கணக்குதான், கணக்குப் பாடத்தின் இடத்தில் உயிரியல் இருந்தது. 2017-இல் நீட் மதிப்பெண் வழியாகச் சேர்க்கை தொடங்கியதும் மருத்துவத்தில் அந்த 200 போய்விட்டது. பழைய சொல் மட்டும் புதிய தேர்வுக்கும் தொடர்ந்து வந்து, வேறொரு பொருளைப் பிடித்துக்கொண்டது. இன்றைய குழப்பத்தில் பெரும்பகுதி இங்கிருந்து வருவதாகவே நினைக்கிறேன்.

நீட்டில் சொல்லப்படும் கட்-ஆஃப், தகுதிக்கான கோடு. 720-க்கு இத்தனை எடுக்க வேண்டும் என்று அது முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுவதில்லை. பொதுப்பிரிவினருக்கு 50-ஆவது பெர்சன்டைல், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40-ஆவது பெர்சன்டைல் என்பதே விதி. பெர்சன்டைலுக்கு நம் பிளஸ் ஒன் புள்ளியியல் பாடத்திலேயே நூற்றுமானம் என்ற நல்ல சொல் இருக்கிறது. 50-ஆவது நூற்றுமானம் என்றால் 50 சதவீத மதிப்பெண் கிடையாது. தேர்வெழுதிய எல்லாரையும் மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தினால், சரிபாதியில் நிற்பவர் எடுத்த மதிப்பெண் அது. அதனால் கேள்வித்தாள் கடினமானால் கோடு இறங்கும், எளிதானால் ஏறும். பொதுப்பிரிவுக்கு 2022-இல் 117 ஆக இருந்தது 2023-இல் 137, 2024-இல் 162 என ஏறி, 2025-இல் 144-க்கு இறங்கியது.

இந்தக் கோட்டைத் தாண்டியவருக்குக் கலந்தாய்வில் கலந்துகொள்ளும் தகுதி கிடைக்கும். இடம் கிடைக்கும் என்று பொருளில்லை. 2025-இல் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வெழுதி, 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் 1.2 லட்சம்தான். தகுதி பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் இடம். 150 மதிப்பெண்ணோடு அரசுக் கல்லூரியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பிள்ளையிடம் இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது எண், போன ஆண்டு ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண். கலந்தாய்வு முடிந்த பிறகு தெரிய வருவது இது. யாரும் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை; மாணவர்கள் தேர்ந்தெடுத்த வரிசையில் இடங்கள் நிரம்பி, எங்கே நின்றதோ அதுதான் எண். அதுவும் ஒரே எண் அல்ல. ஓ.சி., பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. என ஒவ்வொரு பிரிவுக்கும் தனி எண். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்னொரு எண். "அந்தக் காலேஜ் கட்-ஆஃப் 195" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டில் என்று உடனே கேட்க வேண்டும். கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்பு மற்றும் பிளஸ் ஒன் மதிப்பெண்களையும் செய்முறை மதிப்பெண்ணையும் வைத்துக் கணக்கிட்ட 2021-ஆம் ஆண்டின் எண்களை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ஈழத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு 'வெட்டுப்புள்ளி' என்கிறார்கள். அங்கே மதிப்பெண்ணுக்கே புள்ளி என்றுதான் பெயர் என்பதால் அந்தச் சொல் அழகாகப் பொருந்துகிறது. தமிழ்நாட்டில் புள்ளிக்கு அந்த வழக்கு இல்லை. 'வெட்டு மதிப்பெண்' என்று மாற்றினால், மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள் என்று கேட்பவர் நினைக்கக்கூடும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடுவதைவிட மூன்று பொருளுக்கும் மூன்று சொல் வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

மாணவரின் 200-க்கான எண்ணைத் தரவரிசை மதிப்பெண் எனலாம். தரவரிசைப் பட்டியல் அதை வைத்துத்தான் தயாராகிறது. இருவருக்கு அது ஒன்றாக வந்தால் கணக்கு, இயற்பியல் என அடுத்தடுத்துப் பார்த்து, கடைசியில் சமவாய்ப்பு எண் (ரேண்டம் எண்) வரை போவார்கள். நீட் கோட்டுக்குத் தகுதி மதிப்பெண் என்ற சொல் நாளிதழ்களில் ஏற்கெனவே இருக்கிறது, அதையே உறுதியாகப் பிடித்துக்கொள்ளலாம். மூன்றாவதற்கு 'இறுதி மதிப்பெண்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது மறுகூட்டலுக்குப் பிறகு வரும் மதிப்பெண் போல ஒலிக்கிறது. கடைசி இட மதிப்பெண் என்றால் எதைப் பற்றிய எண் என்பது கேட்டவுடன் விளங்கும்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கையில் இந்த மூன்றாவது எண் மதிப்பெண்ணாக வராது, தரவரிசையாக வரும். அங்கே கடைசி இடத் தரவரிசை என்று மாற்றிச் சொல்ல வேண்டும். எண் பெரிதாக இருந்தால் அந்த இடம் எளிதில் கிடைப்பது என்று பொருள், 200-க்கான கணக்குக்கு நேர் எதிர். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்பதால் அந்தப் பட்டியலிலும் நமக்கு ஒரு வரி, வெளிமாநிலத்தவருக்கு வேறு வரி இருக்கும். நமக்கான வரியைப் பார்த்துத்தான் விருப்பப் பட்டியல் போட வேண்டும்.