டிரோன் வாங்கும் முன் துரட்டியைப் பாருங்கள்

"அண்ணே, டிரோன் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லாருக்கும்?" மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள். எத்தனை அடி உயரம் வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். தென்காசிப் பக்கம் கல்யாணம், கோயில் கொடை, மனை விற்பனை என்று கேமராவோடு அலைகிறவன் நான். "மேலேருந்து எடுங்க" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் 20 அடியே போதும். கூட்டத்தின் தலைக்கு மேலே கேமரா போய்விட்டால் சப்பரம் தெரியும், பந்தல் தெரியும், மனையின் நான்கு மூலையும் தெரியும்.

20 அடிக்கு ஒரு துரட்டி போதும். நிஜமாகவே முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியில் செல்போனைக் கட்டித்தான் நான் ஆரம்பித்தேன். இப்போது வைத்திருப்பது பெயின்டர்கள் ரோலர் மாட்டும் இழுப்புக் கம்பு. நுனியில் ஒரு பழைய ஆக்‌ஷன் கேமரா. வைஃபையில் போனில் பார்த்து அமுக்கிக்கொள்ளலாம். திருகு கழன்றாலும் கீழே நிற்பவர் மண்டையில் விழாமல் இருக்க, கேமராவைக் கம்போடு சேர்த்து ஒரு நைலான் கயிற்றாலும் கட்டிவிடுவேன்.

இதில்தான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. ஒரு மனைப்பிரிவில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். உதவிக்கு வந்த தம்பி கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போன் திரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்தான். நானும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஏலே, மேல பாருலே!" என்று கத்தினார். நிமிர்ந்து பார்த்தால் 11,000 வோல்ட் லைன். கம்புக்கும் கம்பிக்கும் நடுவில் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. கம்பு அலுமினியம். அன்று சாயங்காலம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். திரையைப் பார்ப்பவர் ஒருவர், கம்பைப் பிடிப்பவர் இன்னொருவர். பிடிப்பவர் திரையைப் பார்க்கவே கூடாது. கம்பை நீட்டிக்கொண்டு ஓர் அடிகூட நடப்பதில்லை. மடக்கி, நகர்ந்து, மறுபடி நீட்டுவோம். கார்பன் ஃபைபர் கம்பு என்றால் ஷாக் அடிக்காது என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள், அதிலும் மின்சாரம் பாயும். ஈர மூங்கிலும் அப்படித்தான். லைன் போகிற இடத்தில் கம்பை எடுக்கவே எடுக்காதீர்கள்.

20 அடி போதாது, 200, 300 அடி வேண்டும் என்றால் எனக்குப் பிடித்தது பட்டம். சிரிக்காதீர்கள். 1888-லேயே பிரான்சில் ஆர்தர் பதூ என்பவர் பட்டத்தில் கேமராவைக் கட்டிப் படம் எடுத்துவிட்டார். ஷட்டரைத் தட்ட அவர் வைத்தது எரியும் திரி. 1906 நிலநடுக்கத்தில் உருக்குலைந்த சான் பிரான்சிஸ்கோவை ஜார்ஜ் லாரன்ஸ் எடுத்த படமும் பட்டங்களின் தயவுதான். எங்கள் பக்கம் செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வருகிற காற்று இதற்கென்றே வருவது போல இருக்கும்.

குளத்துக்குள் சீமைக்கருவேலம் எதுவரை வந்துவிட்டது என்று பார்க்க ஓர் ஊர்க்காரர்கள் கூப்பிட்டார்கள். நான் கை இரண்டையும் விரித்த அகலத்துக்கு ஒரு டெல்டா (முக்கோண) பட்டம், 80 கிலோ தாங்கும் பின்னல் கயிறு, கையுறை. கேமராவைப் பட்டத்தில் கட்டக் கூடாது. பட்டம் ஏறி, 100 அடிக் கயிறு போய், காற்றில் நின்று நிதானமான பிறகு கயிற்றில்தான் தொங்கவிட வேண்டும். பட்டம் உதறுவது அப்போதுதான் கேமராவுக்கு வராது. ஒரு சிலுவைக் கட்டையின் நான்கு முனையிலும் வளையம் மாட்டி, ஒரே நூலை அவற்றில் ஓடவிட்டுத் தொங்கவிட்டால், கயிறு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கேமரா மட்டமாகவே நிற்கும். பிகாவே என்ற பிரெஞ்சுக்காரர் 1912-ல் கண்டுபிடித்த உத்தி. 2 நொடிக்கு ஒரு படம், ஷட்டர் வேகம் 1/1000 நொடி. ஒரு படத்தில் வந்த இடத்தில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வரும்படி கரையில் நடந்தால், ஓபன்டிரோன்மேப் என்ற இலவச மென்பொருள் எல்லாவற்றையும் தைத்து ஒரே வரைபடமாகக் கொடுத்துவிடும்.

மாஞ்சா மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணாடித் தூள் பூசிய நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே தடை செய்துவிட்டது. கழுத்தறுபட்டவர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். விமான நிலையம், ரோடு, மின்கம்பி பக்கமும் வேண்டாம். நனைந்த கயிறும் ஷாக் அடிக்கும்.

பலூன்? ஒரு கன மீட்டர் ஹீலியம் சுமார் ஒரு கிலோதான் தூக்கும். பிறந்தநாள் பலூன் ஒன்று 10 கிராம் தூக்கினால் பெரிது, போனுக்கே 20-க்கு மேல் வேண்டும். காசுக்குப் பிடித்த கேடு. சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஹைட்ரஜன் பக்கம் போய்விடாதீர்கள், அது குண்டு.

சரி, டிரோனே வேண்டும் என்றால் வாங்குங்கள். ஆனால் 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை. அப்புறம் "பில் இல்லாமல் பாதி விலை" என்று கையில் திணிக்கப்படுவது எப்படி வந்தது என்று யோசியுங்கள். டிரோனின் எடை 250 கிராமுக்கு மேல் போய், காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். கல்யாண ஆர்டரும் காசுக்குத்தான் என்பது பலருக்கு உறைப்பதில்லை. அபராதம் 1 லட்சம் வரை. தொல்லியல் துறைக் கோயில்களில் அனுமதி இல்லாமல் எழுப்பவே எழுப்பாதீர்கள்.

அந்தக் குளத்துப் படத்தை பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்த் திண்ணையில் விரித்தேன். கருவேலத்தை யாரும் பார்க்கவில்லை. ஒரு தாத்தா குனிந்து, தெற்குக் கரையோரம் மங்கலாகத் தெரிந்த ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார். "இது பழைய மடைல்லா? தூந்து போச்சுன்னு நெனச்சோம்." அடுத்த வாரமே அங்கே ஜேசிபி வந்துவிட்டது.