வழுநீக்கல்: ‘டிபக்’ என்பதற்கு நம் சொல்

அட்டனில் பழைய கணினி திருத்துகிறவரிடம் ‘டிபக் பண்ண வேணும்’ என்றால் விளங்கிக்கொள்வார். நிரலில் (புரோகிராமில்) உள்ள பிழையைத் தேடித் திருத்துவதுதான் அது. இதற்குப் ‘பிழைதிருத்தம்’ என்று எழுதுவோரும் உண்டு. அது அச்சகத்தில் ஏற்கெனவே வேறு வேலை செய்யும் சொல். ‘வழுநீக்கல்’தான் பொருத்தம்.

‘பக்’ என்றால் பூச்சி. 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி ஹாவர்ட் மார்க் 2 கணினியின் ரிலே எனும் மின் சுவிட்சில் விட்டிற்பூச்சியொன்று அகப்பட்டது. அதைக் குறிப்பேட்டில் ஒட்டி, ‘உண்மையிலேயே பூச்சி அகப்பட்ட முதல் சம்பவம்’ என்று எழுதி வைத்தார்கள். சொல் அன்றுதான் பிறந்தது என்பது தவறு. ‘உண்மையிலேயே’ என்று எழுதியதே அதற்கு முன்பும் அந்தச் சொல் புழங்கியதைக் காட்டுகிறது. 1878இலேயே எடிசன் ஒரு கடிதத்தில் இதே பொருளில் எழுதியிருக்கிறார்.

‘வழு’ பூச்சியிலிருந்து வரவில்லை. மழை நாளில் தேயிலை மலைப் படியில் கால் வழுக்குகிறதே, அந்தக் குடும்பச் சொல். வழுவுதல் என்றால் நெறியிலிருந்து சறுக்குதல். நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாகப் பிரிக்கிறது.

வழு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிப்பதில்தான் வேலை அதிகம். டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய செக்ரோல் (தோட்ட வருகைப் பதிவு) நிரலொன்று புதிய கணினியில் திறந்தவுடனேயே ‘ரன்டைம் எரர் 200’ என்று நின்றுவிடும். பலர் கணினியை இயக்கும் டாஸ் என்ற பணிசெயல் முறைமையைக் குறை சொல்லி வன்தட்டை அழித்து மீண்டும் நிறுவுகிறார்கள். வீண் வேலை, தொழிலாளர் வேலைக்கு வந்த பேர்க் கணக்கும் சேர்ந்து போய்விடும். வழு ‘சிஆர்டி’ என்ற நூலகப் பகுதியில் இருக்கிறது. நிரல் தொடங்கும்போது 55 மில்லிசெக்கனில் எத்தனை சுற்று ஓடுகிறதென்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கிறது. புதிய கணினியின் வேகத்தால் விடை 65,535ஐத் தாண்டினால் 16 பிட்டில் அடங்காது. செயலி அதை வகுத்தல் பிழையாக அறிவிக்கும். முதலில் கோப்புகள் அனைத்தையும் பிரதி எடுங்கள். பிறகு பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலில், வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸ் அளவை 3000இல் நிறுத்தி ஓட்டுங்கள். ஓடினால் நோய் இதுவே. பிரதியின் மீது ஒட்டு (‘பேட்ச்’) போட்டால் போதும்.

எல்லா வழுவையும் நீக்கவும் கூடாது. வந்த பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழுதான். ஆனாலும் மகிழ்ச்சியில் சொன்னதால் இலக்கணம் அதை ஏற்று ‘வழுவமைதி’ என்கிறது. பழைய பணிசெயல் முறைமைகளுக்கு இதைவிடச் சிறந்த சொல் கிடையாது. 8086 செயலியில் 1 மெகாபைட்டைத் தாண்டும் முகவரி சுழன்று 0க்கே வந்துவிடும். அதை நம்பிச் சில நிரல்கள் எழுதப்பட்டன. அவை முறியாதிருக்க, 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் அந்த எல்லையைத் தாண்டும் முகவரிக்கான ஏ20 கம்பியை அடைக்கும் வசதியே வைத்தார்கள்.

நீக்குவதென்றால் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளை, தொட உரிமை வேண்டும். ‘லைசென்ஸ்’ என்பதற்கு இங்கே அனுமதிப்பத்திரம் என்போம். அது அரசு தருவது. பதிப்புரிமை உள்ளவர் தருவதற்கு ‘உரிமம்’ என்பதே சரி. மைக்ரோசொஃப்டின் டாஸான எம்எஸ்-டாஸின் தொடக்கப் பதிப்புகளின் மூலநிரல் 2014இல் வெளிவந்தது. ஆனால் படிக்கத்தான் உரிமம், பகிர்வதற்கு இல்லை. 2018இல்தான் எம்ஐடி உரிமம் கிடைத்தது, 4.00 பதிப்புக்கு 2024இல். அதைத் திருத்திப் பகிரலாம், பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் மட்டும் அழிக்கக்கூடாது. எம்எஸ்-டாஸுக்கு மாற்றான ஃப்ரீடாஸின் கருவகமோ (‘கெர்னல்’) ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. திருத்தியதை உங்கள் ஆபீஸுக்குள் வைத்திருக்கும்வரை யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்தால், திருத்திய மூலநிரலும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.